மலையேறிய தேவைக்கோடு

போன வாரம் என் பழைய துறையிலிருந்து ஒரு போன். நான் காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி பேசினார். மூன்றாம் ஆண்டு பொருளாதார மாணவர்களுக்கு இனிமேல் புராஜெக்ட் கிடையாதாம். எங்காவது போய்ச் சில வாரம் வேலை பார்த்து, பார்த்ததாக ஒரு சான்றிதழ் வாங்கிவந்தால் போதுமாம். “துறை மலருக்கு நீங்க ஏதாச்சும் எழுதித் தரணும் சார். புராஜெக்ட் காலத்து அனுபவம். கொஞ்சம் ஜாலியா” என்றார்.

ஜாலியாகவாம். புராஜெக்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இடது கண் துடிக்கும். வயசு இருக்கும்போதே நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கியதற்குக் குடும்பச் சூழ்நிலை என்று மனுவில் எழுதியிருந்தேன். உண்மையான சூழ்நிலை இதுதான்.

நான் படித்த கதையை நீட்ட வேண்டாம். பழனியில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. கல்லாவில் அண்ணன் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு இடமில்லை, பொருளாதாரம் படித்தேன். மதுரையில் எம்.ஏ., எம்.பில்., பிறகு நாலைந்து ஊர்களில் தற்காலிக வேலை, பிறகு கொடைக்கானல் மலைமேல் ஒரு கல்லூரி. திங்கட்கிழமை வெள்ளனே பழனியில் பஸ் ஏறுவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன்; நடுவில் மலையில் ஒரு வாடகை அறை. இத்தனை வருஷத்தில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுக்குக்கூட என் வயிறு சம்மதித்ததில்லை.

துறைத் தலைவர் ஞானமுத்து சார். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர். கட்டடத்துக்குள்ளேயும் குடையைக் கையிலிருந்து விடமாட்டார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் “பார்ப்போம்” என்பார். இழுத்துச் சொன்னால் சரி என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால், யார் தலையிலோ ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது என் தலையாகவே இருந்தது.

எக்கனாமெட்ரிக்ஸ் அப்படித்தான் விழுந்தது. பொருளாதாரம் சொல்கிற விதியெல்லாம் ஊரில் நிஜமாகவே நடக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற பாடம். நடத்திக்கொண்டிருந்தவர் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நான் என் காலத்தில் அதைச் சாய்ஸில் விட்டுத் தேறியவன். அதையும் தலைவரிடம் சொன்னேன். “பார்ப்போம்” என்றார். தட்டு விழுந்தது. அன்று முதல் மாணவர்களைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் எவனாவது கை தூக்கினால் எனக்கு இருமல் வரும். தண்ணீர் குடிக்க வெளியே போவேன். மணி அடித்த பிறகு வருவேன்.

எக்கனாமெட்ரிக்ஸ் எடுப்பவர்தான் புராஜெக்டுக்கும் பொறுப்பு என்பது வழக்கம். எங்கள் துறையில் ஒரு புராஜெக்ட் எப்படிப் பிறக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும்; சொன்னால்தான் என் கண் துடிப்பது புரியும். ஐந்து அத்தியாயம். தலைப்பின் முடிவில் “ஒரு பொருளாதார ஆய்வு, கொடைக்கானல் வட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு” என்று வந்தே தீரவேண்டும். ஆய்வு பூண்டைப் பற்றியதா புடலங்காயைப் பற்றியதா என்பது அடுத்த விஷயம். முதலில் எழுதப்படுவது ஐந்தாம் அத்தியாயம், அதாவது முடிவுகள். ஞானமுத்து சார் எந்தப் புராஜெக்டையும் பின்னாலிருந்துதான் வாசிப்பார். முடிவு பிடித்தால்தான் முன்னால் போவார். முடிவு பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், அரசுக்கு நாலு பரிந்துரை இருக்க வேண்டும். அதன் பிறகே மாணவர்கள் ஊருக்குள் போய்த் தகவல் சேகரிப்பார்கள். வட்டத்தில் எந்த விவசாயியும் எங்கள் ஐந்தாம் அத்தியாயத்தை மீறிப் பதில் சொன்னதில்லை. கடைசியில் கருப்பு ரெக்ஸின் அட்டை, பொன்னெழுத்து. மலையில் அந்தப் பொன்னெழுத்துப் போட ஆளில்லை. கட்டாகக் கட்டி பஸ் டிரைவரிடம் கொடுத்தால் வத்தலக்குண்டுக்குப் போய்ப் பைண்டாகி வரும்.

இந்தக் கொதிகலனுக்குள் ஒரு நாள் ஜெசிந்தா வந்து விழுந்தாள். விழுந்தவள் நேராக என் மேல் விழுந்தாள்.

பக்கத்தில் பள்ளங்கி கிராமத்துப் பிள்ளை. அப்பா பீன்ஸ், பூண்டு போடுகிறவர். சனி, ஞாயிறும் விடுமுறை நாளும் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நிற்பாள். மதுரையில் எம்.ஏ. படிக்க இடம் கிடைக்கும் போலிருந்தது. எல்லாப் பேப்பரும் ஒரே மூச்சில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த வருஷம் தவறினால் லாட்ஜிலேயே நிரந்தரமாக நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். லாட்ஜ் முதலாளியும் அதற்காகவே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

லாட்ஜ் அறைகளுக்கான தேவை என்று தலைப்பு எடுத்தாள். விலை ஏறினால் வாங்குவது குறையும். இதுதான் தேவை விதி, பொருளாதாரத்தில் முதல் நாள் பாடம். கோடாகப் போட்டால் மேலிருந்து கீழே சறுக்கும். ஐந்தாம் அத்தியாயத்தை அப்படியே எழுதித் தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். நானும் நிம்மதியாகப் பழனிக்குப் போய் இரண்டு நாள் தூங்கினேன்.

திங்கட்கிழமை அவள் கோட்டோடு வந்தாள். ஊரில் பல லாட்ஜ்களில் வாரவாரியாகக் கணக்கு வாங்கி, மாதவாரியாக வாடகையையும் நிரம்பிய அறைகளையும் புள்ளி வைத்து இணைத்திருந்தாள். கோடு இறங்கவில்லை. ஏறியது. எங்கள் பஸ் மாதிரி மூச்சு வாங்கி வாங்கி ஏறியது. வாடகை கூடக் கூட ஜனம் அதிகமாக அறை எடுத்திருக்கிறது.

தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். எந்த அச்சில் எதை வைத்தாள் என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் கோளாறு.

“இப்படித்தான் சார் கெடக்கு” என்றாள். “என்னை ஏன் முறைக்கிறீங்க?”

ஞானமுத்து சார் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தேவை விதிக்கு விதிவிலக்குகள் உண்டே, வைரம் மாதிரி கௌரவப் பண்டங்கள், விலை ஏற ஏறப் பெருமைக்காக வாங்குவார்களே, அறையும் அந்த ரகமாக இருக்கலாமே என்றார். எனக்கு உயிர் வந்தது. விதிவிலக்கு என்றால் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் கேள்வி கேட்க முடியாது. வேகமாகத் தலையாட்டினேன்.

ஜெசிந்தா தலையாட்டவில்லை. “எங்க லாட்ஜுல கீசர் ஓடாது சார். போர்வை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். சன்னலைத் தெறந்தா பக்கத்து லாட்ஜ் செவுரு. அதைப் பெருமைக்கா எடுக்குறாங்க?”

அப்படியானால் சீசன் மாதங்களை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்ற மாதங்களில் கோடு அடங்கிவிடும் என்றார் தலைவர். கொடைக்கானலில் சீசனை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பனியும் குரங்கும்தான். அவள் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னாள். “பார்ப்போம்” என்றார் அவர். வெட்டித்தான் சொன்னார். சான்றிதழ்ப் பக்கத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்குப் போக முடியாது. போகாவிட்டால் மதுரை போச்சு.

அன்று மதியம் சாப்பாட்டு நேரம். கேன்டீன் வாசலில் உட்கார்ந்து, ஆடம்பரப் பண்டமா அத்தியாவசியப் பண்டமா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வந்து தன் பாட நோட்டை என் மடியில் வைத்தாள்.

“நீங்க டிக்டேட் பண்ணதுதான் சார். இதுக்குள்ளயே பதில் இருக்கே.”

“நானா?”

“நீங்கதான். அதுக்கப்புறம் இருமிக்கிட்டே தண்ணி குடிக்கப் போயிட்டீங்க.”

வாசித்தேன். வருஷா வருஷம் வாசித்ததுதான். ஆனால் அது நான் தினமும் டீ குடிக்கிற ஊரைப் பற்றியது என்று ஒரு வருஷம்கூட எனக்குத் தோன்றியதில்லை. சந்தையில் நாம் பார்க்கிற புள்ளிகள் ஒரே கோட்டில் உட்கார்ந்தவை அல்ல. ஏப்ரல், மே மாதத்தில் கீழே வெயில் கொளுத்துகிறது, பள்ளிக்கூடம் விடுமுறை, ஜனம் மலைக்குப் பொங்கி வருகிறது. கோடே மொத்தமாக மேலே நகர்ந்துவிடுகிறது. ஜூலையில் மழை, கோடு கீழே இறங்கிவிடுகிறது. மே மாதத்துக் கோட்டில் ஒரு புள்ளி, ஜூலைக் கோட்டில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்துவிட்டு, ஐயோ தேவைக்கோடு ஏறுகிறதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டது நாங்கள். இந்தத் தப்பைப் பூண்டு வியாபாரி செய்யமாட்டார், லாட்ஜ் முதலாளி செய்யமாட்டார். பொருளாதாரம் படித்தவன் மட்டும்தான் செய்வான். அதையும் ஸ்கேல் வைத்து நேராகச் செய்வான்.

சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் நிஜமான தேவைக்கோடு எங்கே என்று, வாய்மொழித் தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் கேட்டால்? வருகிற கூட்டம் அப்படியே இருக்க, அறைகள் மட்டும் கூடவோ குறையவோ வேண்டும். அப்போதுதான் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். மண்சரிவு என்றேன் நான், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. “ரோடு அடைச்சா ஆளும் வராதே சார்” என்றாள். காட்டுத்தீ என்றேன். அதற்கும் ஆள் வராது. பஸ் ஸ்டிரைக் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஞானமுத்து சாரிடம் நாங்கள் விளக்கியபோது முழுக்கக் கேட்டார். கோடு கடைசியில் இறங்குமா இறங்காதா என்று மட்டும் கேட்டார். இறங்கும் சார், ஆனால் தெரியாது என்றேன். அவர் முகம் போன போக்கை நான் வர்ணிக்க மாட்டேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் குடையைத் தட்டினார். வெளியிலிருந்து வருகிறவர் ஏதாவது கேட்டால் பதில் என் பொறுப்பு. வருகிறவருக்கு அறை போடுவதும் என் பொறுப்பு.

முதல் பொறுப்பை நினைத்து நினைத்து நடுங்கியதில் இரண்டாவதை மறந்தே போனேன்.

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் போன். எக்ஸ்டர்னல்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேராசிரியர், கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். வத்தலக்குண்டு தாண்டிவிட்டாராம். எந்த ஓட்டல் என்று கேட்டார். எனக்கு எங்கள் துறையின் பெயரே மறந்துவிட்டது. சிக்னல் சரியில்லை என்று கத்தி போனை வைத்துவிட்டு, தெரிந்த இடத்துக்கெல்லாம் அடித்தேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு. ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார், ஒருவர் அடுத்த மாதம் வரச் சொன்னார். கடைசியில், அந்தப் புராஜெக்டை அத்தனை தடவை வாசித்ததில் மனசில் பதிந்திருந்த ஒரே லாட்ஜின் பெயர் வாயில் வந்தது. அறை இருக்கிறதா என்றுகூட அங்கே கேட்காமல் பேராசிரியருக்குத் தகவல் அனுப்பினேன். விலாசம் போட்டேன். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரிசப்ஷனில் நிற்பது யார் என்பது மறுநாள் காலை, கையில் பாதி வடையோடு துறைக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பேராசிரியர் தலைவரிடம் குமுறிக்கொண்டிருந்தார். ஒரு பொண்ணு, கல்லூரியில் படிக்கிற வயசுதான் இருக்கும், வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கொஞ்சம் குறைக்கச் சொன்னாராம். சீசன் சார், வேற எடத்துல கேட்டுட்டு வாங்க என்றாளாம். நாலு இடம் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தால், அதற்குள் அந்த லாட்ஜிலும் அறைகள் போய்க் கடைசி ஒன்றுதான் மிச்சம். வாடகையை இன்னும் ஏற்றிவிட்டார்களாம்.

“எடுத்தீங்களா?” என்று கேட்டார் ஞானமுத்து சார்.

“எடுக்காம? ரோட்டுலயா படுக்குறது?”

மிச்ச வடையை மேசையிலேயே வைத்தேன். ஓடிப்போய் அவளைத் தேடினேன். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகத்தை மூடிக்கொள், மாஸ்க் போட்டுக்கொள், ஜலதோஷம் என்று சொல் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். தலைமுடியை வேறு மாதிரி வாரிக்கொள்ளச் சொன்னதாக அவள் பின்னாளில் சொன்னாள். அதை நான் நம்பவில்லை.

“மொதலாளி சொன்ன ரேட்டைத்தான சார் சொன்னேன்” என்றாள். ஆனால் நோட்டை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் உள்ளே வந்ததும் பேராசிரியர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், புராஜெக்டைப் பார்த்தார், பொன்னெழுத்தில் இருந்த லாட்ஜ் என்ற சொல்லைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே தங்கினேன்.

“நேத்து நீதானே?”

“ஆமா சார்.”

பக்கம் புரளும் சத்தம். மெதுவாக, ஒவ்வொன்றாக. கோடு வரைந்த பக்கத்தில் நின்றது. “வாடகை ஏற ஏறத் தேவையும் கூடுதுன்னு போட்டிருக்கே. மூணு வருஷம் பொருளாதாரம் படிச்சிருக்கியாம்மா?”

“அது தேவைக்கோடு இல்ல சார். கீழயே எழுதியிருக்கேன். வேற வேற மாசத்துப் புள்ளிய இணைச்சா அப்படித் தெரியும்.”

“புரியலை.”

இங்கேதான் என் பொறுப்பு தொடங்கியிருக்க வேண்டும். எழுந்தேன். மேசையில் தலை இடித்தது. நான் தலையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அவளே பேசிவிட்டாள்.

“நேத்து நீங்க வந்தப்ப ஒரு வாடகை சொன்னேன், வேண்டாம்னுட்டீங்க. திரும்பி வந்தப்ப கூடச் சொன்னேன், எடுத்துக்கிட்டீங்க. அதனால வாடகை ஏத்துனதுனாலதான் உங்களுக்கு ரூம் மேல ஆசை வந்துச்சுன்னு எழுதலாமா சார்? அந்த நாலு லாட்ஜும் நெறஞ்சு கெடந்துச்சு. உங்க நெலமை மாறிப்போச்சு. அவ்வளவுதான்.”

ஞானமுத்து சார் குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பேராசிரியர் பேனாவை மூடினார். பிறகு, நான் இரண்டு வாரமாகக் கெட்ட கனவில் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டார். சரி, அப்ப நெசமான தேவைக்கோடு எங்கே?

மண்சரிவு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அட்டவணைப் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். முந்தின வருஷம் மே மாதத்தில் ஒரு வாரத்தில் விரல் வைத்தாள். தண்ணீர் லாரி வராமல் அந்த வாரம் சில லாட்ஜ்களைப் பூட்டிவிட்டார்கள். கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. கூட்டம் முந்தின வாரம் வந்த அதே அளவு. அறைகள் மட்டும் குறைந்தன. வாடகை ஏறியது. சிலர் அந்த வாடகைக்கு வேண்டாமென்று அன்றே பஸ் ஏறி இறங்கிப் போனார்கள். “அந்த ரெண்டு வாரத்தை மட்டும் இணைச்சா கோடு எறங்கும் சார். நேத்துதான் தோணுச்சு. நீங்க நாலு லாட்ஜுக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வேற சோலி இல்ல.”

பேராசிரியர் ஒரு தாளை எடுத்து, தானே இரண்டு புள்ளி வைத்து, தானே இணைத்துப் பார்த்தார். இறங்கியது. இரண்டு புள்ளி போதாது, இன்னும் இப்படிப்பட்ட வாரங்களைத் தேட வேண்டும் என்றார். எம்.ஏ.வில் தேடச் சொன்னார். ஞானமுத்து சார் எட்டிப் பார்த்துவிட்டு, “அதான் நான் மொதல்லயே சொன்னேன், எறங்கும்னு” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஜெசிந்தாவுக்கு வகுப்பிலேயே முதல் மார்க். எனக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. மார்க் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்தோம். மழை வருவதற்குள் அவள் மதுரைக்குப் போய்விட்டாள். லாட்ஜ் முதலாளி வேறு ஆள் தேடினார்.

தம்பி, நீங்கள் கேட்ட ஜாலி இவ்வளவுதான். புராஜெக்டை எடுத்துவிட்டு, லாட்ஜில் நின்றதற்குச் சான்றிதழ் கேட்கிறீர்கள். அவள் மூன்று வருஷமாக நின்றாள், யாரும் கேட்கவில்லை. எடுக்க வேண்டியது ஐந்தாம் அத்தியாயத்தை முதலில் எழுதுகிற பழக்கத்தை. அதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மறுநாள் மலையில் இன்னொரு கல்லூரியிலும் தேர்வு இருந்ததால் பேராசிரியர் இன்னொரு நாள் தங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பொண்ணிடம் இன்றைக்கு மட்டும் வாடகையைக் கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் போய்க் கேட்டேன். அவள் முதலில் மார்க் போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டு ஒட்டியாயிற்று என்றேன்.

“போடுறதுக்கு முன்னாடி கொறைச்சா லஞ்சம் சார். போட்ட பெறகு கொறைச்சா நட்டம். சீசன் ரேட்டுதான்.”

இதை அப்படியே போய்ச் சொன்னேன். பேராசிரியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாடகை அறைக்கு வந்துவிட்டார். வாடகை ஏறிய இடத்திலேயே நின்றது, தேவை குறைந்தது. தேவை விதி என் கண் முன்னாலேயே நிரூபணமானது. அறையில் கட்டில் ஒன்றுதான். நான் தரையில் படுத்தேன்.